எங்கள் கிணறு என்று எழுதினோம்

அவளைச் சாகடித்தது நீங்கள்தான், ஊராட்சித் தலைவரே. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள் நான். துணியில் ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுக்க வேண்டும். இங்கேயும் அதைத்தான் செய்கிறேன்.

எங்கள் லைன் வீடுகளுக்கும் மங்கலம் போகும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு இருந்தது. இப்போது அதன் மேல் கான்கிரீட் மூடி. கம்பெனி வேனைப் பிடிக்க எல்லோரும் அந்த மூடியின் மேல்தான் நடந்து போகிறார்கள். நான் மட்டும் ஓரத்து முள்ளுக்குள் காலை வைத்துச் சுற்றிப் போகிறேன். மூடிக்குக் கீழே ஒன்றும் இல்லை, அதனால் ஒவ்வொரு அடிக்கும் தொம் என்று சத்தம் வரும். வீட்டுக்குள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். சில நாள் தொம் என்று ஒன்று, பிறகு ஓர் உரசல், மறுபடி தொம். ஓவர்லாக் மெஷினை மிதித்து மிதித்து, செத்துப்போன அவளுக்கு வலது கால் லேசாக இழுக்கும். கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்து பார்ப்பேன். யாராவது ஒரு வடக்கத்திப் பையன் போனில் பேசிக்கொண்டு போவான். இல்லையென்றால் யாரும் இருக்க மாட்டார்கள்.

அவள் என் பக்கத்து வீடு. என்னைப் போலவே தெற்கே கரிசல் காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். பிள்ளை இல்லை. பிளஸ் டூ வரை படித்திருந்தாள், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். புருஷன் சாயப்பட்டறையில் வேலை. எந்நேரமும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற ஆள்.

அந்தக் கிணறு முன்பு தோட்டத்துக் கிணறு. தோட்டத்தை சைட் போட்டு விற்றவர்கள், கிணறு இருந்த துண்டை மட்டும் விற்க முடியாமல் பூங்காவுக்கு என்று ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பூங்கா வரவில்லை. தோட்டத்துக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தரையோடு தரையாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் முழுக்க அந்தப் பள்ளத்துக்குத்தான் வரும். கிணறும் ரொம்பிவிடும். எது பாதை, எது கிணறு என்று தெரியாது. ஒரே தண்ணீர்.

வேலி யோசனை அவளுடையது. அவள் கம்பெனியில் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் ஓர் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிங் வேஸ்ட்டை மூட்டையாகக் கொண்டு வந்தாள்.

"வெளிநாட்டுல ரோடு போடுத ஆளுக மாட்டுத பனியனாம்க்கா இது. தூரத்துல இருந்தே கண்ணக் குத்தும் பாருங்க."

சீமைக்கருவேலங் கம்புகளை வெட்டிக் கிணற்றைச் சுற்றி நட்டு, அந்தத் துணிப் பட்டைகளைக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டினோம். இரண்டு மழைக்காலம் அந்தத் துணிதான் எங்களைக் காப்பாற்றியது. தண்ணீருக்கு மேலே ஆரஞ்சு நிறம் தெரியும். அதைப் பார்த்து ஒதுங்கி நடப்போம்.

அப்புறம்தான் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவள் படித்துவிட்டு வந்தாள். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசாங்கம் போடுமாம். சாக்கடை, சுவர், விளக்கு, பொதுவுக்கு எது வேண்டுமானாலும் கேட்கலாமாம். தகுதி என்று ஒன்றுதான் போட்டிருந்தது. பொதுப் பயன்பாட்டுக்கான இடமாக இருக்க வேண்டும், அதில் ஆக்கிரமிப்பு இருக்கக் கூடாது. கிணற்றுக்குச் சுவரும் கம்பி மூடியும் கேட்பது என்று முடிவானது. லைன் வீடு மொத்தமும் போனஸில் கொஞ்சம் ஒதுக்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாசல்படியில் உட்கார்ந்து மனு எழுதினாள்.

"யக்கா, 'எங்கள் தெருக் கிணறு'ன்னு போடட்டா, 'எங்கள் குடியிருப்புக் கிணறு'ன்னு போடட்டா?"

"தெருவே இல்ல, அதுல என்னத்தத் தெருக் கிணறு?"

"அப்ப குடியிருப்பு. கேக்கவும் கெத்தா இருக்கு, அடுக்குமாடி மாதிரி."

உள்ளே படுத்திருந்த அவள் புருஷன் குரல் கொடுத்தான். "கிணத்துக்குள்ள ஒரு லிப்ட்டும் கேட்டு எழுதுட்டி!"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

ஊராட்சி கிளார்க் மரியாதையான மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். மனுவை ஒரு வரி விடாமல் படித்தார்.

"எங்கள் கிணறுன்னு போட்டிருக்கீங்களே அம்மிணி. எங்கள்னா உங்களோடது. உங்களோடதுன்னா தனியாருங்க. தனியார் கிணத்துக்கு இந்த நிதி ஆகாதுங்க. தகுதி இல்லீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, நாங்களே வாடகைக்கு இருக்கோம். எங்களுக்கு ஏதுண்ணே கிணறு? எங்க ஊரு, எங்க பஸ் ஸ்டாப்புன்னு சொல்லுதோம்ல, அது மாதிரி எழுதுனது."

"எனக்குப் புரியுதுங்க. மேல பாக்கறவங்களுக்குப் புரியோணுமல்லங்க?"

அப்போதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள், தலைவரே. மனுவை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"நம்ம கிணறுன்னு எழுதோணும் கண்ணு. நம்மன்னா அதுல எல்லாரும் வந்தாச்சு. உங்க தெக்கத்திக்காரங்க வாயில அந்த நம்மளே வராதே!"

நாங்களும் சேர்ந்து சிரித்தோம். நீங்கள் சொன்னது பொய்யும் இல்லை. இந்த ஊரில் எல்லாமே நம்ம. சொந்தப் பெண்டாட்டியை ‘நம்ம ஊட்டுல’ என்பார்கள். நேற்று வந்தவனிடமும் ‘நம்ம கம்பெனிதானுங்க’ என்பார்கள். நான் வந்த புதிதில் லைன் வீட்டு ஓனர், "நம்ம ஊடுதானுங்க, தைரியமா இருங்க" என்று சாவியைக் கொடுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நம்ம போட்டுத்தான் தை மாதம் வாடகையையும் ஏற்றினார். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. கேட்கிற ஆளுக்குப் பங்கு இருந்தால் நம்ம, இல்லையென்றால் எங்க. ஊராட்சிக்கு மனு எழுதும்போது ஊராட்சி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அவள் எழுதியதில் தப்பே இல்லை. ஆனாலும், பழைய மனுவைக் கிளார்க்கிடமே விட்டுவிட்டு வந்து, திருத்தி எழுதினாள். ‘நமது ஊர்ப் பொதுக் கிணறு’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

மறுபடி போனோம். நீங்களும் அன்றைக்கு இருந்தீர்கள். கிளார்க் தலையை ஆட்டினார்.

"இப்ப சரிங்க. ஆனா பாருங்க, பொது எடம்னு எழுதிட்டு, அந்த எடத்துல நீங்களே வேலி போட்டிருக்கீங்க." போனில் போட்டோவைக் காட்டினார். எங்கள் ஆரஞ்சுத் துணி. "இது ஆக்கிரமிப்புல வருமுங்க. ஆக்கிரமிப்பு இருந்தா அந்த எடத்துக்குத் தகுதி வராதுங்க. பாக்க வர்றதுக்கு முன்னாடி எடுத்துப்போடுங்க."

"அண்ணே, அது வேலி இல்லண்ணே. யாரும் விழுந்துரக் கூடாதுன்னு கட்டுன துணி."

"துணியில கட்டுனாலும் வேலி வேலிதானுங்க."

அவள் உங்களைப் பார்த்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எடுத்துப்போடு கண்ணு. நம்ம ஆளுங்க வந்து பாத்துட்டுப் போனா செவுரே வந்துருது, அப்புறம் எதுக்கு இந்தக் கந்தத் துணி?"

எடுத்துப்போட்டோம். அவள்தான் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தாள். துணியைப் பெரிய பந்தாகச் சுற்றினாள். "செவரு வந்ததும் இத உள்ள வச்சு ஒரு தலகாணி தச்சிரலாம்க்கா" என்றாள். அவள் வீட்டில் இடம் இல்லை என்று என் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள்.

பார்க்க யாரும் வரவில்லை. கேட்டால், ஜீப் இல்லீங்க என்றார்கள். அப்புறம் மீட்டிங் என்றார்கள். வானம் கறுக்கத் தொடங்கியது. அவள் கிளார்க்குக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அண்ணே, மழை வருது. மறுபடி கட்டிக்கிடட்டுமா?"

"இப்பக் கட்டினீங்கன்னா மறுக்கா மொதல்ல இருந்துங்க அம்மிணி. பொறுத்ததே பொறுத்தீங்க, இன்னும் கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தோம்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. கம்பெனியில் கரண்ட் போய்விட்டது என்று அவளுக்குச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். எனக்கு அன்று லீவு, வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். ரோட்டில் வேன் நின்றது. அவள் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலால் தடவித் தடவி வந்தாள். பாதியில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"யக்கா, துணிய எடுத்தாச்சா?"

கொடியில் காய்ந்த துணியைத்தான் கேட்டாள். வேறு எதைக் கேட்டிருக்கப் போகிறாள்? நான் திரும்பிக் கொடியைப் பார்த்தேன். "எடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே மறுபடி திரும்பினேன். தண்ணீர் மட்டும் இருந்தது. கத்தல் இல்லை. மழைச் சத்தம்கூட மாறவில்லை.

தீயணைப்புக்காரர்கள் வந்து எடுத்தார்கள். அவள் கையில் ஒரு செருப்பு அப்படியே இருந்தது.

மறுநாள் நீங்கள் மாலையோடு வந்தீர்கள். கேமராக்காரர்கள் வந்திருந்தார்கள். "நம்ம பொண்ணுங்க. நம்ம பொண்ணு போயிருச்சுங்க" என்று கண்ணைத் துடைத்தீர்கள். அவள் புருஷன் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டான். நான் கும்பிடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாலேயே மூடி போட்டாயிற்று. மனு கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை, தகுதி பார்க்கவில்லை. ‘நமது ஊர் மக்களின் பாதுகாப்புக்காக’ என்று ஒரு போர்டு, அதில் உங்கள் போட்டோ. இத்தனை வேகமாக முடிகிற வேலைதான் அது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காரியம் முடித்துவிட்டுத் திரும்பி வந்த அவள் புருஷன், ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு என் வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"ஊராட்சிக்கும் அந்தக் கிணத்துக்கும் சம்பந்தமில்லையாம்க்கா. லைன் வீட்டுக்காரங்க கிணறாம். எங்கள் கிணறுன்னு இவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு காட்டுதாங்க. அவ கையெழுத்துக்கா. அவ எழுத்தையே எனக்குக் காட்டுதாங்க."

அதற்குப் பிறகு அவன் இங்கே இருக்கவில்லை. ஊருக்கே போய்விட்டான். அவர்கள் இருந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

திருத்தி எழுதிய மனு என்ன ஆனது தலைவரே? நமது என்று எழுதியது எங்கே? காசு என்றால் நம்ம கிணறு என்று எழுதச் சொன்னீர்கள். சாவு என்றால் எங்கள் கிணறு. மாலை போடும்போது மட்டும் அவள் நம்ம பெண்.

இதை எழுதாமலே இருந்திருப்பேன். சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, முள்ளுக்குள் சுற்றிப் போய்க்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் அதே சைட்டின் மேற்கு ஓரத்தில் இன்னொரு கிணறு இருக்கிறது. அதுவும் தரையோடு தரைதான், அதுவும் பூங்காவுக்கு விட்ட இடம்தான். அதை ஒட்டிப் புதிதாக ஒரு ஹாஸ்டல் கட்டி வடக்கத்திப் பெண்களைத் தங்க வைத்திருக்கிறார்கள். என் டேபிளில் அவர்களில் ஒருத்தி வேலை பார்க்கிறாள், அரைகுறைத் தமிழ் பேசுவாள். எங்கள், நம்ம இரண்டுக்கும் ஹிந்தியில் என்ன சொல்வார்கள் என்று அவளிடம் கேட்டேன். இரண்டுக்கும் ஹமாரா தானாம். ஒரே சொல். அவர்கள் மனு எழுதினால் உங்கள் கிளார்க் அதை எதில் சேர்ப்பார்?

போன ஞாயிற்றுக்கிழமை கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தத் துணிப் பந்தை எடுத்தேன். அவள் சுற்றிய சுற்றுகளை நானே பிரிக்க வேண்டியிருந்தது. நிறம் மங்கவே இல்லை. அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பு நட்டு, மேற்குக் கிணற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு மூடியில் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் உங்கள் ஆள் வந்து, அது ஆக்கிரமிப்புங்க, எடுத்துப்போடுங்க என்றார். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கேட்கிறது. தொம், உரசல், தொம். துணிய எடுத்தாச்சா என்று கேட்கிறாள். எடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எடுக்கவும் மாட்டேன்.

காந்தி ஜெயந்தி அன்று கிராம சபை. அதற்குப் பிறகு ஐப்பசி மழை. நான் முன் வரிசையில் வந்து உட்காருவேன், அந்தப் பெண்களும் வருவார்கள். சால்வை போட்டு முடிந்ததும் மைக்கை எடுங்கள், தலைவரே. கிளார்க்கிடம் கொடுக்காதீர்கள். என் காதில் தனியாக வந்து சொல்லவும் வேண்டாம். ஊர் மொத்தமும் கேட்கிற மாதிரி உங்கள் வாயால் சொல்லுங்கள்: அவள் விழுந்த கிணறு யாருடையது? மேற்கே இருக்கிற கிணறு யாருடையது?