கம்பெனிக்குத்தான் போறா

உங்கள் அக்காவின் வலது கை ஆள்காட்டி விரல் ஏன் முழுசாக மடங்குவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டபோதெல்லாம் "மிஷின் ஊசி ஏறிடுச்சு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான். மீதிப் பாதியில் உங்கள் அப்பா நான் இருக்கிறேன். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரங்களில் நடந்ததால் உங்களுக்குத் தெரியாது. இன்னும் சில வருஷத்தில் நீங்களும் ஏதாவது ஒரு விண்ணப்பப் பாரத்தை நிரப்புவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

போன வருஷம் அக்கா பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். படித்த பிள்ளைகளுக்கு அரசாங்கத் திட்டத்தில் இலவசப் பயிற்சி, முடித்ததும் வேலை என்று ஒரு ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு நம் தெருவில் போனது. பயிற்சி நடக்கும் இடம் ஒரு ஷூ கம்பெனியின் மாடி. நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாரத்தில் போன் நம்பர் எழுதும் இடம் வந்ததும் அவள் தன் நம்பரை எழுதப் போனாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"பொம்பளப் புள்ள நம்பர எவனெவனுக்கோ குடுப்பாங்களா? என்னுத எழுது."

"படிக்கப் போறது நானு. போன் வந்தா நீ இன்னாப்பா சொல்வ?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்வேன்."

அவள் என் நம்பரையே எழுதினாள்.

பயிற்சிப் பெண்கள் உடுப்புக்கு மேல் போட்டுக்கொள்வது பச்சைக் கோட்டு. கீழே கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு நீலக் கோட்டு. முதல் இரண்டு மாதம் மாடியில் வகுப்பு. தோலை எப்படிப் பிடிப்பது, ஊசி மாற்றும்போது மிஷினை நிறுத்துவது, இதெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அவளும் வீட்டில் வந்து சொல்வாள். மூன்றாம் மாதம் கையால் பழகட்டும் என்று கீழே இறக்கி, நீலக் கோட்டுக்காரர்கள் வரிசையாகத் தைக்கும் லைனில் உட்கார வைத்தார்கள். நீலக் கோட்டுக்காரர்கள் தைக்கிற அளவு பச்சைக் கோட்டுப் பெண்களும் தைக்க வேண்டும். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் ஊரில் காலையில் டிபன் பாக்ஸோடு யார் கிளம்பினாலும் "கம்பெனிக்குப் போறாங்க" என்றுதான் சொல்லுவோம். வேலைக்குப் போனாலும் அதே சொல், பழகப் போனாலும் அதே சொல். அக்கா மாடியில் வகுப்புக்குப் போன முதல் நாளே பக்கத்து வீட்டில் உங்கள் அம்மா சொன்னது, "பெரியவ கம்பெனிக்குப் போறா" என்பதுதான்.

அவள் லைனுக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. நான் தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோலை இழுத்து, சட்டத்தில் கிளிப் மாட்டிக் காயப்போடும் பிரிவில் இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து ஷெட்டில் தோல் ஊறும் டிரம் உருளும் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். பெண் குரல். ரொம்ப மரியாதை.

"சார், பயிற்சித் திட்டத்துலேர்ந்து பேசறோம். உங்க பொண்ணு இப்ப கம்பெனிக்குப் போறாங்களா?"

"ஆமாம்மா, கம்பெனிக்குத்தான் போறா."

"எந்தக் குறையும் இல்லையே சார்?"

"இல்லம்மா, நல்லாத்தான் போய்ட்டிருக்கா."

"ரொம்ப நன்றி சார்."

என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பாய் கேட்டார், "இன்னா, போன்ல சார் சார்னு சத்தம் வருது?"

"கவர்மென்ட்டு போன் பாய். பொண்ணு நல்லாருக்காளான்னு கேக்கறாங்க."

"அப்ப இனிமே நாங்களும் சாருன்னுதான் கூப்பிடணும். சார், அந்த ஊறுகா டப்பாவ இப்படித் தள்ளுங்க சார்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முகம் தெரியாத ஒருத்தர் நம் பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறாரே என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, அதே நேரத்தில், அக்காவோடு லைனில் உட்காரும் ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். "அண்ணே, பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் எப்படிப் பயப்படாமல் இருப்பது? ஊசி விரலில் இறங்கி, முனை உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஒரு துணியைச் சுற்றி ஷேர் ஆட்டோவில் அனுப்பியிருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது அவள் அழவில்லை. பச்சைக் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தாள்.

கீறி முனையை எடுத்த டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நரம்புல பட்டிருக்கு. புண்ணு ஆறினதும் விரலுக்குப் பயிற்சி குடுக்கணும். விட்டா அப்படியே வெறச்சுப் போய்டும். வேலை செய்யற எடத்துல அடிபட்டதுன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க, காப்பீட்டுல எல்லாம் பாத்துக்கலாம்."

தையல்காரிக்கு ஆள்காட்டி விரல் விறைத்தால் தோலை ஊசிக்குத் தள்ள முடியாது. லெட்டர் வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். முதலில் கீழே கம்பெனி ஆபீஸ். அங்கே இருந்தவர் அவள் விரலைப் பார்க்கவில்லை, கையில் இருந்த கோட்டைப் பார்த்தார். "பச்சைக் கோட்டா? டிரெய்னிங் புள்ளைங்க எங்க ஆளு இல்லைங்க. மாடியில கேளுங்க."

மாடிக்குப் போனோம். பயிற்சியைப் பார்த்துக்கொள்கிற தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"அண்ணே, உங்க பொண்ணு எங்ககிட்ட இல்லண்ணே. பயிற்சி முடிஞ்சு வேலைக்குப் போய்ட்டதா போட்டிருக்கு. எங்க காப்பீடு பயிற்சி முடியற வரைக்கும்தான். கீழ கேளுங்க."

"எவன் சொன்னான் முடிஞ்சதுன்னு? நேத்து வரைக்கும் பச்சைக் கோட்டுல உக்காந்திருக்காப்பா!"

அக்கா குனிந்து திரையைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டாமல் படித்தாள்.

"ஃபாதர் கன்ஃபர்ம்டு. அப்பா உறுதி சொல்லிட்டாருன்னு போட்டிருக்கு."

டிரம் சத்தம், ஊறுகாய் டப்பா, சார், எல்லாம் காதில் வந்தது. நான் சொன்ன கம்பெனியை அவர்கள் வேலை என்று எழுதிக்கொண்டார்கள். என் பிள்ளை மாடியிலும் இல்லை, கீழேயும் இல்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அந்தத் தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அண்ணே, இதைப் பெருசு பண்ணாதீங்க. மாத்தச் சொன்னீங்கன்னா பாதியில நின்னவன்னு போட்ருவாங்க. சர்ட்டிபிகேட் வராது. இந்த கம்பெனியில மட்டும் இல்ல, எங்கயும் சேக்க மாட்டாங்க. என் வேலையும் போய்டும். நானும் காண்ட்ராக்ட்தான். எதுக்குண்ணே பேஜாரு?"

அவரும் பயந்துதான் பேசினார். அதனால்தான் எனக்கு இன்னும் பயமானது. மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

இறங்கி வரும்போது படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். என் முதலாளிக்கும் இந்தக் கம்பெனி முதலாளிக்கும் பழக்கம் உண்டு. என் வேலையும் போனால் நீங்கள் இரண்டு பேரும் என்ன ஆவீர்கள்? கை ஆறிவிடும், விரலைக் கிராமத்து வைத்தியர் யாரிடமாவது காட்டி நீவிவிடலாம், எப்படியாவது சர்ட்டிபிகேட் கைக்கு வந்தால் போதும் என்றெல்லாம் ஓடியது. உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

"விட்டுடலாமாம்மா?" என்றேன்.

"எதைப்பா? விரலையா?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மேல இல்லன்னுட்டாங்க, கீழயும் இல்லன்னுட்டாங்க. நமக்கு இந்தப் படிக்கட்டுதான் கம்பெனி போலக்கீது" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்திருந்தாள். கட்டின் ஓரத்தில் தோல் சிவந்து வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் வேலூரில் என்று அவள்தான் பாரத்தின் நகலில் இருந்து கண்டுபிடித்தாள். இரண்டு நாள் கழித்து பஸ் ஏறினோம். நான் லீவுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு முகத்தையும் தெரிந்த முகமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பள்ளிகொண்டா தாண்டும்போது அவள் கேட்டாள், "அங்க போய் இன்னா சொல்லுவ?"

"நீ பயிற்சியிலதான் இருந்தன்னு."

"கம்பெனின்ற வார்த்தையே வரக்கூடாது."

"வராது."

ஆபீஸில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "சொல்லுங்க, பொண்ணு என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்று கேட்டார். என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா?

"கம்பெனிக்குத்தான் போய்ட்டிருந்தா மேடம்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "இல்ல மேடம், கம்பெனிக்குப் போனா, ஆனா வேலைக்குப் போகல" என்றேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படீன்னா?" என்றார். அப்போது அக்கா பையைத் திறந்து பச்சைக் கோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். கைப்பக்கம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"வேலையில இருக்கறவங்களுக்கு நீலம் மேடம். எனக்குக் கடைசி நாள் வரைக்கும் இதுதான். அடிபட்டதும் இதுலதான். எங்க அப்பாவக் கேட்டாங்க. என்னை யாருமே கேக்கல."

அந்த அம்மா கோட்டைத் தொடாமல் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நீங்க போன்ல சொன்னது தப்புன்னு எழுதிக் குடுங்க. ஆனா ஒண்ணு, இதை எழுதினா வேலை கெடச்சவங்க பட்டியல்லேர்ந்து இவ பேரு போய்டும். அந்தக் கம்பெனி திரும்ப எடுத்துக்கும்னு நான் சொல்ல முடியாது. மிச்சப் பயிற்சியை வேற எடத்துல முடிக்க எழுதிப் பாக்கறேன். உறுதி இல்ல. பரவாயில்லையா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். எழுதினேன். கல்யாணப் பத்திரிகையில் பேர் எழுதினதைத் தவிர எதுவும் எழுதியிராத கை. அரைப் பக்கம் எழுத அரை மணி நேரம் ஆனது. கம்பெனி என்று மூன்று இடத்தில் எழுதி மூன்று இடத்திலும் அடித்தேன். கையெழுத்துப் போட்டபோது பிள்ளையின் வேலையை நானே பிடுங்கிப் போடுகிறேன் என்றுதான் தோன்றியது.

லெட்டர் வந்தது. பயிற்சியில் இருக்கும்போது அடிபட்டது என்று எழுதி, முத்திரை குத்தி வந்தது. விரல் பயிற்சி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நடுவில் போன நாட்கள் போனவைதான். டாக்டரம்மா, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தக் கம்பெனி அவளைத் திரும்ப எடுக்கவில்லை. பல மாதம் வீட்டில் இருந்தாள். இப்போது வாணியம்பாடிப் பக்கம் வேறொரு இடத்தில் மிச்சப் பயிற்சியை முடிக்கிறாள். அங்கேயும் லைனில் உட்கார வைக்கிறார்கள். காலையில் அவள் பஸ் ஏறியதும் என் போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். மத்தியானம் அது அடித்தால் கையில் இருக்கும் கிளிப் நழுவுகிறது.

போன வாரம் அடித்தது. அதே மரியாதையான குரல். "சார், உங்க பொண்ணு இப்ப கம்பெனிக்குப் போறாங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அம்மா, அவளுக்குப் பத்தொம்பது வயசு ஆவுது" என்றேன். "அவ நம்பர் தர்றேன். அவளையே கேளுங்க."

ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். சரியாக இருக்கிறதா என்று மறுபடியும் சொல்லச் சொன்னேன். போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். அந்நேரம் வாணியம்பாடியில் அவள் கைக்குக் கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கும். மிஷினை நிறுத்திவிட்டுத்தான் போனை எடுப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.