நாற்காலிக்குப் பின்னால் நான்

எங்கள் நாகூரில் அழுத முகத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. பிழைக்க வெளிநாடு போன ஆம்பிளையைச் சபராளி என்போம். சபராளிக்குப் போட்டோ போகிறதென்றால் அவர் அனுப்பிய சேலையைக் கட்டி, அவர் அனுப்பிய வாட்ச் தெரிகிற மாதிரி கையை மடியில் வைத்து, ஸ்டுடியோவில் அருவி வரைந்த திரைக்கு முன்னால் சிரிக்க வேண்டும். வீட்டில் இடியே விழுந்திருந்தாலும் சரி. கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்த காலத்தில் என் கணவர் சவூதிக்குப் போனார். நானும் சிரித்தேன். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அவர் அங்கே இருக்கும்போதுதான் மாமிக்கு, அதாவது அவருடைய உம்மாவுக்கு, வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியதே தவிர அதிகாரம் குழறவில்லை.

"அவனுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா வேலைய உட்டுட்டு ஓடியாந்துருவான். உன் வாயால ஒரு வார்த்த போவக் கூடாது புள்ள" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பெரிய மச்சான், என் கணவரின் அண்ணன், எங்களோடு அதே வீட்டில்தான் இருந்தார். அவர் ஒரு படி மேலே போய் ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தார். மாமியை நாற்காலியில் உட்காரவைத்தோம். ஒரு பக்கமாகச் சரிந்தார். "நீ பின்னாடி போய்ப் புடிச்சுக்க" என்றார் மச்சான். நாற்காலிக்குப் பின்னால் பச்சைப் போர்வைக்குள் குந்திக்கொண்டு மாமியின் தோளை நிமிர்த்திப் பிடித்தேன். படம் வந்தபோது போர்வை விலகி, மாமியின் தோளில் என் விரல்கள் தெரிந்தன. ஸ்டுடியோக்காரர் பிரஷ்ஷால் டச் பண்ணி அவற்றை அழித்துக் கொடுத்தார். அங்கே நான் இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போனது.

என் கணவர் எழுதமாட்டார், கேசட்டில் பேசித்தான் அனுப்புவார். அடுத்து வந்த கேசட்டை எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம்.

"மாஷா அல்லாஹ், உம்மா ராணியாட்டம் உக்காந்திருக்காங்க. எல்லாரும் சொகமா இருக்கீங்க, சந்தோஷம். ஊருக்கு வர்றத அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போட்டுட்டேன்."

மாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாதம் இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் வருவதற்குள் இந்த மனுஷி போய்விட்டால், அந்தப் பொய்ப் படத்தை வைத்துக்கொண்டு அவர் காலத்துக்கும் என்ன செய்வார்?

வாயால்தானே சொல்லக் கூடாது? அவர் வாங்கிக்கொடுத்த ஃப்ளாஷ் கேமரா பீரோவில் கிடந்தது. எடுத்தேன்.

விடிந்ததிலிருந்து ஒரு முழு நாளை எடுத்தேன். கஞ்சி ஊட்டும்போது வாயோரம் வழிவதை எடுத்தேன். வேலை செய்யாத கையை, நல்ல கை தூக்கி மடியில் வைப்பதை எடுத்தேன். படுத்தபடியே தொழுவதை, எதிர்ச் சுவரில் மகன் மாட்டிவிட்டுப் போன சட்டையை, அதையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணை எடுத்தேன். ஸ்டுடியோக்காரர் அழித்த என் விரல்களையும் விடவில்லை. இடது கையால் மாமியின் தோளைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் கேமராவைத் தூக்கி அதையும் எடுத்தேன். படத்துக்குப் பின்னால் ஒரு வரி எழுத வேண்டாம், வரிசையாகப் பார்த்தால் போதும்.

"என்னய இந்தக் கோலத்துலயா எடுக்குற?" என்றார் மாமி.

"ஆமா மாமி. இருக்குற கோலத்துலதான்."

கடைசிப் படத்துக்கு மாமி நல்ல கையை என்னை நோக்கி நீட்டினார். அழுத்திவிட்டேன்.

நாகப்பட்டினத்தில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் சவூதிக்குப் புறப்பட்டார். பார்சல் வாங்க வீட்டுக்கு வந்த அவர் முன்னாலேயே, படங்கள் இருந்த கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு மச்சான் கத்தினார்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? அங்க ஒரு ரூமுல பத்துப் பேரு கெடப்பான். எல்லாவனும் பார்ப்பான். உம்மா மானம் என்னாவுறது?"

"மானம் போறதுக்கு மாமி என்ன களவாண்டாங்களா? நோவு வந்து படுத்திருக்காங்க. பார்க்கட்டும்."

"சபராளி மனச நோவடிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?"

"நோவட்டும். அவருக்கும்தானே உம்மா!"

தம்ரூட் இனிப்பு டப்பாவோடு கவரையும் மச்சான் கண்ணெதிரே பயணக்காரர் கையில் கொடுத்தேன். அதற்கப்புறம் மச்சான் என்னோடு பேசவில்லை. நல்லதாப் போச்சு என்று இருந்தேன்.

அந்தத் தடவை கேசட் வரவில்லை. ஆளே வந்து நின்றார். பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கடைசிப் படத்தை எடுத்து நீட்டினார். ஓரமெல்லாம் மடங்கிப் போயிருந்தது.

"கைய நீட்டிக் கூப்பிட்டீங்களே உம்மா. வந்துட்டேன்."

மாமி படத்தைப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தார்.

"நான் எங்கடா கூப்பிட்டேன்? படம் எடுக்காதேன்னுல்ல இவளத் தடுத்தேன்!"

சொல்லிக்கொண்டே அதே கையால் மகனின் சட்டையைப் பிடித்தார். மச்சான் வந்து, "பயணம் வந்த புள்ள, மொதல்ல சாப்பிடட்டும் உம்மா" என்றார். மாமி விடவில்லை.