கடைசி வருடத்துக் கழுகு

சிலி நாட்டு அலுமினியக் காசுகளை யாராவது சேர்ப்பார்களா? நாங்கள் இரண்டு பேர் சேர்த்தோம். பாளையங்கோட்டையில் வாத்தியாராக இருக்கும் நானும், விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் உழைத்து ஓய்வுபெற்ற அண்ணாச்சியும். வெள்ளிக்காசுக்கும் ராஜா காலத்துக் காசுக்கும் அலைகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் சிலிக் காசு நம்மூர் பழைய பத்துப் பைசாவைப் போல, ஊதினால் பறந்துவிடும். அறுபது, எழுபது வருடத்துக்கு முன்னால் மூட்டை மூட்டையாக அடித்துத் தள்ளியது. யாரும் சீந்தாததால்தான் எங்களுக்குக் கட்டுப்படியானது.

அதில் பத்து பெசோ என்று ஒரு காசு. ஒரு பக்கத்தில் பெரிய கழுகு சிறகை விரித்துப் பறக்கும். நான்கே வருடம்தான் அடித்தார்கள். அண்ணாச்சியிடம் முதல் மூன்று வருடங்களும் இருந்தன. கடைசி வருடத்துக்கு ஆல்பத்து அட்டையில் வட்டமாகக் குழி வெட்டிக் காலியாக வைத்திருந்தார்.

என்னிடம் அந்தக் கடைசி வருடக் காசு இரண்டு இருந்தது. தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருவர் கொடுத்த பொட்டலத்தில் வந்தவை. ஒன்றுதான் இருப்பதாகவும், இன்னொன்று கிடைத்தால் அவருக்குத்தான் என்றும் அண்ணாச்சியிடம் சொல்லிவைத்தேன். கொடுத்தால் அவருடைய வரிசையும் நிறைந்துவிடும், எனக்கென்று தனியாக ஒரு பெருமை இருக்காது. இவ்வளவுதான் காரணம். அம்பது ரூபாய் பெறாத காசுக்குப் பொறாமை.

மாதம் ஒருமுறை பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பார். “என்ன சார்வாள், நம்ம கழுகு எப்பம் பறந்து வரும்?”

“பைய வரும் அண்ணாச்சி. எங்க போயிரப் போவுது” என்பேன். மூன்று வருடம் இதையே சொன்னேன்.

போன ஆவணியில் ஒரு காலையில் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். தகவல் வந்ததும் நான் முதலில் செய்த காரியம், அந்த இரண்டாவது காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். அவர் கையில் வைத்துவிடலாம் என்று ஒரு கிறுக்கு நினைப்பு. பஸ்ஸில் அம்பாசமுத்திரம் தாண்டும்வரை அழுதேன்.

குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். “சார், ஒத்த ரூவா இருந்தா தாங்க” என்று உறவுக்காரர் ஒருவர் கை நீட்டினார். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவ வீடுகளில் நெற்றிக்காசு வைக்கிற வழக்கம் கிடையாது. எதற்கென்று யோசிக்காமல் பையில் கைவிட்டு, அகப்பட்டதைக் கொடுத்தேன். சந்தனத்தைக் குழைத்து அவர் நெற்றியில் ஒட்டிய பிறகுதான் கழுகு தெரிந்தது.

மதினியும் பார்த்துவிட்டார். அண்ணாச்சியோடு சேர்ந்து அந்த ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி அவருக்கும் அது அத்துப்படி.

“தம்பி, இது அவுக தேடிக்கிட்டு இருந்த கழுகுல்லா. எப்பம் கெடச்சுது?”

“நேத்துதான் மதினி.”

“ஒரு நா முந்திக் கெடச்சிருக்கப்படாதா” என்று அண்ணாச்சியின் முகத்தைத் தடவிக் கொடுத்தார். அந்த இடத்தில் நான் செத்திருக்கலாம்.

ஆற்றங்கரைச் சுடுகாட்டில் நெற்றிக்காசு அங்கே வேலை செய்பவருக்குப் போகும். அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், இது செல்லாத காசுல்லா. நீங்களே வச்சிக்கிடுங்க, வேற ரூவா தாங்க” என்று பக்கத்தில் நின்ற என்னிடமே நீட்டினார். வேண்டாம், அவரோடேயே போகட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். பழக்க தோஷம், கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

பதினாறாம் நாள் மதினி ஆல்பத்தை என் கையில் கொடுத்தார். திறந்து, அந்த வட்டக் குழியில் விரலை வைத்துக் காட்டினார்.

“எல்லாம் நீங்களே வச்சிக்கிடுங்க தம்பி. இத மட்டும் நெரப்பிராதீங்க. அது அவுககிட்ட இருக்கு.”

சரி மதினி என்றேன். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, சந்தனத்தோடு.