பணியாரச் சட்டியில் பன்னிரண்டு வால்வு

போன வியாழக்கிழமை எங்கள் வீட்டில் பணியாரம் சுட்டார்கள். வாசம் தெரு முனை வரைக்கும் வந்தது. மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த எனக்கு அந்த வாசம் பட்டதும் பசி வரவில்லை... பயம் வந்தது.

ஏன் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் பணியாரச் சட்டி ஒன்றுதான். அது சமையலறையில் இல்லை. பட்டறையில் இருக்கிறது. அன்றைக்குக் காலையில்தான் அதன் பன்னிரண்டு குழியிலும் பன்னிரண்டு வால்வு வைத்துவிட்டுப் போயிருந்தேன்!

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் பட்டறை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்காநல்லூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பாகங்கள் – கார்புரேட்டர், பிரேக், வாட்டர் பம்ப், என்ஜின் ஹெட் – எங்கெங்கிருந்தோ பெட்டியில் வரும். பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றி, புதுசு போல ஆக்கி அனுப்புவோம். லேத், வெல்டிங் எல்லாம் எங்கள் வீட்டுக்காரர். வால்வு மட்டும் நான்.

வால்வு என்பது என்ஜினுக்குள் இருக்கிற கதவு. காற்றும் பெட்ரோலும் உள்ளே போக ஒன்று, புகை வெளியே போக ஒன்று. பார்க்கக் காளான் மாதிரி இருக்கும். தட்டைத் தலை, நீளக் காம்பு. அந்தத் தலை, என்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் தனக்கென்று இருக்கிற வட்ட விளிம்பில், அதாவது சீட்டின்மேல், ஒட்டி உட்கார வேண்டும். ஒட்டாவிட்டால் காருக்கு இழுவையே இருக்காது. அதற்காக நடுவில் மணல்போல நறநறக்கிற பேஸ்ட் தடவி, நுனியில் ரப்பர் வைத்த குச்சியால் வால்வைப் பிடித்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டி உருட்டித் தேய்ப்போம்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் அப்படி உருட்டுவதைப் பார்த்து, "மோர் சிலுப்பத் தெரியாதவரு கையில மத்தக் குடுத்தாப்பல இருக்குதுங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப நீயே சிலுப்பு" என்று குச்சியை என்னிடம் கொடுத்தார். கொடுத்தவர் இன்று வரை திருப்பி வாங்கவில்லை!

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. எந்த வால்வை எந்தச் சீட்டில் வைத்துத் தேய்த்தோமோ, அது அங்கேதான் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் ஒட்டாது. அதற்குத்தான் சட்டி. தலை குழிக்குள்ளே, காம்பு மேலே. முதல் குழியில் முதல் சீட்டின் வால்வு... இப்படி வரிசையாக.

"காம்பு நுனியில ஒரு நம்பரு போட்டு வெய்யி அம்மணி" என்று அவரும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்.

"என்ர கையில தேச்சது எனக்குத் தெரியாதுங்களா?" என்பேன்.

கர்வம்தான். வேறென்ன?

சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு முன்னால் என் தங்கை சரசு. கிணத்துக்கடவிலிருந்து தேங்காய் மூட்டையோடு காலையில்தான் வந்திருந்தாள்.

"ஏனக்கா, உங்கூட்டுல பணியாரச் சட்டியத் தேடித் தேடி எங்காலே போச்சு. கடசீல பாத்தா காரு கொட்டாயில கெடக்குது! நாலு தடவ தேச்சுக் கழுவிப்போட்டேன்."

"அதுல இருந்ததெல்லாம் எங்க சரசு?"

"அந்த இரும்புக் காளானா? அதையுந்தான் சோப்புப் போட்டுப் பளபளன்னு கழுவி போசில போட்டு வெச்சிருக்கறேன். வேலை செஞ்சவளுக்கு ஒரு நல்ல வார்த்த உண்டா உங்கிட்ட?"

போசிப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. உண்மையிலேயே பளபளவென்றுதான் இருந்தன.

எங்கள் வீட்டுக்காரர் அப்போது ஆறாவது பணியாரத்தில் இருந்தார். விஷயம் தெரிந்ததும் மெல்லுவதை நிறுத்தினார். "அந்தச் சட்டிலயா சுட்ட சரசு? அதான் பாத்தேன்... தொண்டைல எறங்கறப்பவே பாலிஷ் போட்டாப்பல வழுக்கிட்டுப் போச்சு."

"போங்க மாமா!" என்றாள் சரசு. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த வால்வுகள் உட்கார வேண்டிய ஹெட் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிற ஒருவருடையது. இரண்டே பேர் உட்காருகிற, கூரையில்லாத பழைய வெளிநாட்டுக் கார். ஆறு சிலிண்டர். வருஷக்கணக்கில் ஓடாமல் நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஹெட்டை எடுத்துப்போக வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மற்ற பழைய கார்களோடு அதுவும் ஊட்டிக்கு ஏற வேண்டும்.

சரி, மறுபடியும் தேய்த்தால் என்ன என்று கேட்பீர்கள். முடியாது. யார் யாரோ முன்னாலேயே வெட்டி வெட்டி, அந்தச் சீட்டுகளில் இரும்பே மெலிந்து கிடந்தது. "இதுக்கு மேல இதுல ஒண்ணுமில்ல. ஒரே தடவதான்" என்று சொல்லித்தான் எங்கள் வீட்டுக்காரர் அதை என் கையில் கொடுத்தார். இன்னொரு முறை தேய்த்தால் ஹெட்டே போய்விடும். அதற்கு மாற்று வாங்க எந்தக் கடைக்குப் போவது?

அவர்தான் ஒரு வழி சொன்னார்.

"கெடச்சத கெடச்ச சீட்டுல போட்டு லேசா ரெண்டு உருட்டு உருட்டிரு. ஊட்டி போய்ட்டு வர்ற வரைக்கும் தாங்கும். அவருக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமுங்களே."

அவர் பணியாரத் தட்டை நகர்த்திவிட்டு, கொட்டகைக்குப் போய் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

முதலில் தலையைப் பார்த்துப் பிரித்தேன். காற்று போகிற வால்வுக்குத் தலை பெரிது, புகை போகிறதற்குச் சின்னது. ஆறு, ஆறு. பாதிக் கஷ்டம் போயிற்று. மீதிப் பாதிதான் கஷ்டம்! ஆறும் ஒரே அச்சு.

வழி ஒன்று உண்டு. சீட்டில் நீல மையை மெல்லிசாகத் தடவ வேண்டும். வால்வை இறக்கி, அழுத்தி ஒரு கால் சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். சொந்தச் சீட்டென்றால் தலையைச் சுற்றி நீல வளையம் முழுசாக விழும். அந்நியச் சீட்டென்றால் எங்காவது அறுந்திருக்கும். மயிரிழை அறுந்தாலும் அறுந்ததுதான்.

கண்ணாடி போட்டாலும் மயிரிழை எனக்குத் தெரியாது. சரசுவுக்குப் போன வருஷம்தான் கண் ஆபரேஷன் ஆயிற்று. டார்ச்சை அவள் கையில் கொடுத்தேன். "கொழப்பி வெச்சவ நீதான. நீயே பாரு."

முதல் வால்வு. "இங்க ஒடஞ்சிருக்குதுக்கா." அடுத்தது. "இதுவும் ஒடசல்." மூன்றாவது... "ஜாதகம் பொருந்தல. அடுத்த மாப்பளயக் கூப்புடு!"

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

நாலாவது வால்வை இறக்கிச் சுற்றும்போதே உள்ளங்கையில் ஏதோ தெரிந்தது. எப்படிச் சொல்வது? கோயில் வாசலில் நூறு செருப்புக்கு நடுவில் கால் போய்த் தன் செருப்பில் நுழையும் பாருங்கள்... அப்படி.

"பாரு சரசு."

டார்ச் வெளிச்சம் மெதுவாகச் சுற்றி வந்தது. "அக்கா... முழுசா உழுந்திருக்குதுக்கா!"

அதற்கப்புறம் அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. "பாக்கறதுக்கு முந்தி நீ சொல்லு."

"ஒடசல்." பார்த்தாள். உடைசல்.

"முழுசு." பார்த்தாள். முழுசு.

ஏழு சீட் முடிந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டாள். "நீ சொன்னாப் போதுங்க்கா. பேட்டரி எதுக்கு வீணாகோணும்?"

மனசு குளிரத்தான் செய்தது. ஆனாலும், "இல்ல, பாரு" என்றேன். எனக்குத் தெரியும், தெரியும் என்று இருந்துதானே இங்கே வந்து நிற்கிறேன்?

இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு வால்வும் இடம் சேரச் சேர, அவர் அதை எடுத்துக் காம்பு நுனியில் சின்னதாக ஒரு நம்பர் போட்டார். அடுத்ததை நானே அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டும் சேர்ந்துவிட்டன.

மறுநாள் சொன்னபடி ஈரோட்டுக்காரர் வந்தார். நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால். முப்பது வருஷமாக வருகிறவர்களுக்கு என் காபி போகும், நான் போக மாட்டேன். கூச்சம்.

எங்கள் வீட்டுக்காரர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளின் தலை மூழ்க மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒட்டாமல் ஒரு வால்வு இருந்தாலும் கீழ் வழியாகக் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். பத்து நிமிஷம். எனக்கு அது பத்து நிமிஷமாகவா இருந்தது? ஈரோட்டுக்காரர் குனிந்து, வெள்ளைக் கைக்குட்டையை ஒவ்வொரு துளையிலும் விட்டுத் துடைத்துப் பார்த்தார். விரித்துக் காட்டினார். காய்ந்த துணி.

"எங்கெங்கியோ குடுத்துப் பாத்தனுங்க. ஒரு சொட்டு எறங்கலீங்களே! கையக் குடுங்க மொதல்ல!"

எங்கள் வீட்டுக்காரர் கையை நீட்டவில்லை. "கை உள்ள இருக்குதுங்க" என்றார், கதவைப் பார்த்து.

"போக்கா!" என்று சரசு பின்னாலிருந்து தள்ளினாள். முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். நீல மை சோப்புக்குப் போகவில்லை. அந்த மனிதரோ இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டார்! பதிலுக்குக் கும்பிடாமல் இருக்க முடியுமா? முந்தானையிலிருந்து நீலக் கை இரண்டும் வெளியே வந்தன.

ஈரோட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்தார். "ஊட்டி போய்ச் சேந்ததும் கூப்புடறனுங்க. உங்களத்தானுங்கம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதை என் காதில் வைத்தார். எனக்குப் போனில் பேச வராது. ஈரோட்டுக்காரரும் பேசவில்லை. என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார். நின்ற இடத்தில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டேன். பன்னிரண்டு கதவும் ஒழுங்காகத் திறந்து மூடின.

நம் கைவேலை நமக்குத் தெரியும்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கு விருந்தாளிகளும் வருவார்கள், இல்லையா? ஒரு நம்பர் போட்டு வைத்தால் கர்வம் ஒன்றும் குறைந்துவிடாது. இப்போதெல்லாம் நானே போடுகிறேன்.

சரசு ஊருக்குக் கிளம்புமுன் கடைக்குப் போய்ப் புதுப் பணியாரச் சட்டி ஒன்று வாங்கிவந்தாள். அதைச் சமையலறையில் மாட்டியாயிற்று – பழையது பட்டறையை விட்டு வராது!