ரெண்டு ஷேடு வெளுப்பு

நான் முதன்முதலில் வாங்கிய ஃபவுண்டேஷன் என் முகத்துக்கு ரெண்டு ஷேடு வெளுப்பு. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். நானோ பனியன் கம்பெனியில் செக்கர். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, நிற வித்தியாசம் பார்ப்பதுதான் வேலை. ஒரே வெள்ளை என்று ஊரே சொல்லும் ரெண்டு துணியை எடுத்து வைத்து, இது வேறு லாட், அது வேறு லாட், வேறு வேறு நாள் வெளுத்தது என்று பிரித்துச் சொல்லுவேன். சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு ஃபேன்சி ஸ்டோரில் ஏமாந்துவிட்டு வந்தேன்.

அப்போது ஊருக்கு நான் ஆம்பளை. பேண்ட், சட்டை, ஒட்ட வெட்டிய முடி. கடைக்காரரிடம், "தங்கச்சிக்குங்க" என்றேன். எனக்குத் தங்கச்சியே கிடையாது.

"தங்கச்சி என்ன கலருங்க?"

"என்ற கலர்தானுங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைங்க நம்ம கலர விட ரெண்டு ஷேடு தூக்கித்தானுங்க எடுப்பாங்க" என்று ஒரு டியூபை எடுத்து நீட்டினார். டியூப்லைட் வெளிச்சத்தை நம்பி ஷேடு பார்க்காதே என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அன்றைக்கு இருந்த படபடப்பில் அரிச்சுவடியாவது ஒன்றாவது. வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும், கம்பெனியில் துணியின் நிறம் பார்க்க வைத்திருக்கும் லைட் பாக்ஸுக்குள் என் மணிக்கட்டை நீட்டினேன். அதில் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று தனித்தனி பல்பு உண்டு. மணிக்கட்டில் ஒரு கோடு ஃபவுண்டேஷன். கடை வெளிச்சத்தில் அழகு. பகல் வெளிச்சத்துக்கு மாற்றினேன், திருநீறு பூசின மாதிரி இருந்தது. இதுவே துணியாக இருந்தால் அந்த நிமிஷமே ரிஜெக்ட் போட்டிருப்பேன். என் முகமாச்சே, எப்படிப் போடுவது? அந்த டியூபைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. என் வாழ்க்கையில் எனக்கென்று நானே வாங்கின முதல் பொருள் அது.

என் பிரச்சினை தாடி. எவ்வளவுதான் மழித்தாலும் மோவாயிலும் கழுத்திலும் பச்சை நிழல் நிற்கும். கண்ணாடியில் அதைப் பார்த்தாலே எனக்கு அன்றைய பொழுது நாசம். ஆரஞ்சு லிப்ஸ்டிக்கை முதலில் லேசாக ஒற்றி, அதன்மேல் ஃபவுண்டேஷனை அமுக்கினால் பச்சை மறையும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். வாடகை அறைக் கண்ணாடி முன்னால் ஒரு மாசம் பழகினேன். ஆரம்பத்தில் மாரியம்மன் கோயில் வேஷக்காரன் மாதிரி இருந்தது. அப்புறம் கை வசப்பட்டது. வேலைக்குப் போகும்போதும் மோவாய்க்கு அடியில் மட்டும் மெல்லிசாகப் பூசிக்கொள்ளத் தொடங்கினேன். கம்பெனி டியூப்லைட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரியும், அந்தப் பச்சை இல்லை என்று. அந்த நிம்மதியிலேயே எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பேன்.

என் டேபிளிலேயே எதிர்ப்பக்கம் ஒரு அக்கா நின்றார். சாமளாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நல்ல கறுப்பு, களையான முகம். புருஷன் விட்டுவிட்டுப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. அதற்காக அவர் மூலையில் உட்காரவில்லை. ரோஸ் பவுடர், மை, பெரிய பொட்டு, தலை நிறையக் கனகாம்பரம் என்று வருவார். "மேக்கப் அக்கா" என்றுதான் கம்பெனியில் பேர். பின்னால் வேறு பேரும் சொன்னார்கள், அதை எழுத மாட்டேன். ஒரு நாள் மையை எடுத்துத் தீட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "கண்ணு, உம்பட கண்ணுக்கு மை வெச்சா அம்சமா இருக்கும், போ" என்று சிரித்தார். கிண்டல்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மாசம் வாழ்ந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளை டீ-ஷர்ட் ஆர்டர் வந்தது. செக் பண்ணி முடித்ததும் காலரை மோவாய்க்கு அடியில் இடுக்கிக்கொண்டு, ரெண்டு கையாலும் ஓரத்தை மடித்து அடுக்குவோம். நானும் அக்காவும் அப்படித்தான் செய்வோம். கையில்தான் புத்தி இருந்ததே தவிர மோவாயில் என்ன பூசியிருக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. மூன்றாம் நாள் பேக்கிங்கிலிருந்து ஒரு கட்டு திரும்பி வந்தது. ஒவ்வொரு காலரிலும் தோல் நிறத்தில் ஒரு தீற்றல்.

சூப்பர்வைசர் கட்டைக் கொண்டுவந்து எங்கள் டேபிளில் போட்டார். என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. நேராக அக்காவிடம் போனார். எங்கள் ஊரில் வைவதுகூட மரியாதையாகத்தான் வைவார்கள். "ஏனுங்க்கா, கல்யாண ஊட்டுக்கு வர்ற மாதிரி மினுக்கிக்கிட்டு வந்தீங்கன்னா பீஸ் என்னத்துக்குங்க ஆகும்?" என்றார். மிஷின் எல்லாம் நின்றுவிட்டது. லைன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அக்கா அழவில்லை. ஒரு டீ-ஷர்ட்டை எடுத்து, அந்தக் கறைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். கறுப்புக் கை, வெளுத்த கறை. சின்னக் குழந்தைகூடச் சொல்லும். "நல்லாப் பாருங்க சார், இது என்ற கலருங்களா?" என்றார். சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு கண்ணு. உனக்குத்தான ஷேடு தெரியும். இது என்னுதா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? பின்னே யாருது? டேபிளில் இருப்பதே ரெண்டு பேர். என் கழுத்து வேர்த்தது. வேர்த்தால் கரையுமே என்ற பயம் வேறு. கடைசியில், "தெரியலீங்க்கா" என்றேன்.

அக்கா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "போயி மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்றார் சூப்பர்வைசர். அத்தனை பேர் பார்க்க, வாசல் குழாயில் பொட்டும் மையும் போகக் கழுவிவிட்டு, ஒரு வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே நின்று சாயங்காலம் வரைக்கும் வேலை செய்தார். மேக்கப் போட்டவள் நான், முகம் கழுவினவர் அவர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று என்னை நானே எத்தனை நாள் வைதிருப்பேன். ஆம்பளைச் சட்டை எனக்குச் சிறை என்று அழுதுகொண்டிருந்தவள், அன்றைக்கு அதே சட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

இப்போது நான் நானாகவே இருக்கிறேன். முதலிபாளையத்தில் வேறொரு கம்பெனியில் புடவை கட்டிக்கொண்டு அதே செக்கிங் வேலைதான். முகத்துக்குச் சரியான ஷேடும் எப்போதோ கிடைத்துவிட்டது. ஆனாலும் காலையில் டியூபைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கறுப்புக் கை என் கண்முன் வந்து நிற்கும். ஆறு வருஷம் கழித்து, போன ஆடி மாசம், இனியும் தாங்காது என்று சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

விசாரித்துக்கொண்டு போனால், அக்கா ஒரு விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பொட்டு இருந்தது, ஆனால் சின்னப் பொட்டு. பவுடர் இல்லை. இருபது தறி ஓடுகிற சத்தத்தில் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. ஆறு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைத் தொண்டை கிழியக் கத்தினேன். "அந்தக் கறை என்னுதுங்க்கா! நான்தானுங்க்கா பூசியிருந்தேன்!"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையைப் பிடித்து வெளியே வேப்ப மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் கன்னத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தடவிப் பார்த்தார். "இப்பத்தான் ஷேடு சேந்திருக்குது" என்றார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு. உம்பட கழுத்தோரமா அதே கலர்ல ஒரு கோடு கெடந்துச்சு. அதப் பாத்துப்போட்டுத்தான் உங்கிட்டக் கேட்டேன்."

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அப்போதுதான் அவர் குரல் கொஞ்சம் கரகரத்தது.

"உன்னுதுன்னு சொல்லுன்னா கேட்டேன்? என்னுது இல்லீன்னு சொல்லுன்னுதான கேட்டேன். அப்பறம் யாருதுன்னு அந்தாளு கேட்டா, தெரியலீங்கன்னு சொல்லீரலாம். அந்தப் பொய்ய நானும் உங்கூடச் சேந்து சொல்லியிருப்பேனே கண்ணு."

அப்படி ஒரு வழி இருந்தது என்று இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.