தட்டை வாங்க ஆளில்லாத மாப்பிள்ளை

பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்க ஊருல, உப்பளம்ங்கற பேட்டையில, ஒரு மாடி ரூமுல நாங்க ரெண்டு ஆம்பளைங்க குடியிருந்தோம். நான் மில்லுல தறி ஓட்டினேன். அவன் பெரிய மார்க்கெட் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தான். கேட்டவங்ககிட்டல்லாம் சிநேகிதங்கன்னு சொல்லிக்கிட்டோம். புருஷன் பொண்டாட்டி மாதிரிதான் வாழ்ந்தோம்னு எழுதறதுக்கு எனக்கு இந்த வயசு ஆக வேண்டியிருந்துது. தெருவுக்கு அது அப்பவே தெரியும். குழாயடிக்குப் போனா பேச்சு நின்னுடும், தாண்டினா சிரிப்பு கேக்கும். பிள்ளைங்கள எங்க படிக்கட்டுல ஏற விட மாட்டாங்க. ரேடியோ கெட்டுப்போனா மட்டும் தூக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க.

இப்படி இருக்கையில ஒருநாள் பிரெஞ்சு முத்திரை போட்ட ஒரு கவரை தபால்காரர் கீழ் வீட்டுல குடுத்துட்டுப் போயிட்டாரு. அவனோட அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. அந்த வழியில இவனுக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி, அதாவது அந்த நாட்டுக் குடியுரிமை, உண்டுன்னு வந்த காகிதம் அது. இவனைக் கட்டிக்கிட்டா பொண்ணும் பாரீசுக்குப் போகலாம். கீழ் வீட்டக்கா, அதான் எங்க வீட்டுக்காரம்மா, சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க.

அட கர்மமே! அந்தத் தெருவோட மானம், ஒழுக்கம், காறித்துப்பல் எல்லாம் ஒரே வாரத்துல காணாமப் போச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டுப் போன பொம்பளைங்கல்லாம் பொண்ணு போட்டோவோட படியேறினாங்க. "அதெல்லாம் வாலிபக் கோளாறு தம்பி, ஒரு கால்கட்டு போட்டா சரியாப் போயிடும்"னு ஒருத்தி. "பாரீசு குளிருக்கு எல்லாம் சரியாயிடும்"னு இன்னொருத்தி. குளிருக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? யாரைக் கேக்கறது!

இதுல கொடுமை என்னன்னா, வந்தவங்களுக்கெல்லாம் காபி போட்டது நான். போட்டோவை வாங்கிப் பார்த்து, "லட்சணமா இருக்கு. அவன் இஷ்டம்"னு சொல்லி அனுப்பினதும் நான்தான். வேற என்ன சொல்றது? மில்லுல தெரிஞ்சா வேலை போயிடும், வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு எனக்கு உதறல். அவன் ஒவ்வொரு பொண்ணையும் வேணாம்னு சொல்லிட்டு, சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவான்.

ஒரு வெள்ளிக்கிழமை கீழ் வீட்டக்கா எங்களை ஒரு வார்த்தை கேக்காம உழவர்கரையிலேர்ந்து பொண்ணு வீட்டாரையே கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. பொண்ணோட அப்பா கையில தாம்பூலத் தட்டு. வெத்தலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், ஒரு குறையில்ல. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க அந்தத் தட்டை வாங்கிட்டா பேச்சு முடிஞ்சுது, அப்புறம் பின்வாங்க முடியாது. இவனுக்குத்தான் அப்பா, அம்மா, கூடப்பொறந்தவங்கன்னு யாருமே இல்லியே. தட்டு அந்தரத்துல நிக்குது.

அக்கா கொஞ்சங்கூட யோசிக்கல. "தம்பி, நீ வாங்கு. அந்தப் பிள்ளைக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. இத்தனை வருஷமா எங்களை என்னன்னு சொல்ல வாய் கூசினவங்க, இப்ப என்னையே மாப்பிள்ளை வீடாக்கி, என் கையாலயே அவனைத் தாரை வார்க்கச் சொல்றாங்க! நான் அவனைப் பார்த்தேன். அவன் வேணாம்னு சொல்லல. வேணும்னும் சொல்லல. என்னையே பார்த்துக்கிட்டு நின்னான்.

"வாங்க மாட்டேன்க்கா. அவனை நான் யாருக்கும் குடுக்கறதா இல்ல"ன்னுட்டேன்.

அக்கா அசரல. "தெரிஞ்சுதானே தம்பி உன்கிட்ட தட்டை நீட்டறோம்? நீ கூடவே இருந்துக்க. யாரு வேணாங்கறா?"

பொண்ணோட அப்பா மட்டும் கொஞ்சம் யோசிச்சாரு. "சரி, இவரு சொந்தத்துல இதே மாதிரி நேஷனாலிட்டி உள்ள பையன் வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு, தட்டோட இறங்கிப் போனாரு.

நான் கதவைச் சாத்திட்டு தெருவையே திட்டித் தீர்த்தேன். வெட்கங்கெட்டதுங்க, சோத்துக்கு உப்பு போட்டுத்தான் திங்கறாங்களான்னு கத்தினேன். சிரிப்பான்னு பார்த்தா, அவன் கட்டில்ல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தான்.

"நீ வாங்கிடுவேன்னுதான்டா நெனச்சேன்"னான்.

எப்படி அப்படி நெனைக்கலாம்னு எகிறப் போனேன். முடியல. தட்டை நீட்டினப்போ என் கை முதல்ல கொஞ்சம் முன்னால போச்சு. அதை அவன் பார்த்திருந்தான்.