வெள்ளி நாய் பார்த்த பக்கம்

சிவரூபி பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது ஷார்ஜாவில் அவளோடு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். தொல்லை என்னவென்றால், பல தடவை எண்ணிப் பார்த்தால் முயலுக்கு உண்மையிலேயே மூன்று கால்தான் இருக்கும்.

பருத்தித்துறையிலிருந்து இருபத்து மூன்று வயதில் அஜ்மானுக்கு வீட்டு வேலைக்கு வந்தவள். அந்த வீட்டு அம்மாள் அபாயா என்ற கறுப்பு மேலங்கிகளுக்குக் கைப்பூவேலை செய்பவர். பாத்திரம் கழுவிய நேரம் போக மீதி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே ஊசி பிடித்தாள். இப்போது வயது நாற்பத்திரண்டு. ஷார்ஜாவில் சீருடையும் கொடியும் தைக்கும் ஒரு பட்டறையில், மெஷின்களுக்கு நடுவே கையால் பூவேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான். விசா முடிய ஒரு மாதம் இருந்தது. புதுப்பிக்கும் தாள் மானேஜர் கௌரிசங்கரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் ஆர்டர் கொடுத்தார். அறுநூறு வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் கொஞ்சம் நிலமும் இரண்டு குதிரையும் நிறைய வீம்பும் வைத்திருந்த குடும்பமாம் அவருடையது. துபாய் ஹோட்டலில் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் குடும்பச் சின்னம் தொங்க வேண்டும். அந்தக் காலத்துக் குடும்பங்கள் சின்னத்தைப் படமாக அல்ல, வார்த்தையாகத்தான் எழுதி வைப்பார்களாம். அவர் அனுப்பியதும் ஒரே வரிதான்: நீலக் கேடயம், அதில் வலப்புறம் நோக்கி நடக்கும் வெள்ளி வேட்டைநாய். கூடவே தன் பரம்பரை மோதிரத்தின் போட்டோ ஒன்றும் வைத்திருந்தார்.

சிவரூபி ஐந்து நாள் வெள்ளி நூலோடு மல்லுக்கட்டி நாயை முடித்தாள். வந்து பார்த்த கௌரிசங்கருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, வலப்புறம்னுதானே எழுதியிருக்கு? மோதிரத்துலயும் நாய் வலப்பக்கம்தான் பார்க்குது. நீ இடப்பக்கம் பார்க்க வச்சிருக்கே?"

"சேர், இடப்பக்கம் பொக்கற் வை எண்டா ஆற்ற இடப்பக்கம்? சேர்ட்டைப் போடுற ஆளின்ர பக்கம்தானே. கேடயத்தையும் ஒரு ஆள்தான் பிடிக்கிறவன். அவன்ர வலப்பக்கம்தான் வலப்பக்கம், பாக்கிற எங்களுக்கு அது இடப்பக்கம்."

"சட்டைக்கும் கேடயத்துக்கும் என்ன சம்பந்தம்? இப்பவே பிரிக்க ஆரம்பி. நாளைக்கு அவர் பார்க்க வர்றார்."

"நான் பிரிக்க மாட்டன்."

"அப்ப விசா பேப்பர்ல நானும் கையெழுத்துப் போடமாட்டேன். கலாஸ், அவ்வளவுதான்."

அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. மகன் பிரதீஸ் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். விசா போனால் அவன் படிப்பும் போகும். ஆனால் சரியாகச் செய்ததைப் பிழை என்று ஒப்புக்கொண்டு, தன் கையாலேயே பிரித்துப்போடுவதை நினைத்தால் பயத்தைவிட ஆத்திரம்தான் கூடுதலாக வந்தது. ஒரு தையலையும் தொடவில்லை.

மறுநாள் வெள்ளைக்காரர் வந்தார். துணியைப் பார்த்தார், விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்தார். நாய் திரும்பி நிற்கிறதே என்றார். நான் அப்போதே சொன்னேன் சார், இவள்தான் கேட்கவில்லை என்று கௌரிசங்கர் பழியை அவள் தலையில் போட்டார்.

சிவரூபி மோதிரத்தைக் கேட்டு வாங்கினாள். விரலால் தடவிப் பார்த்தாள். நாய் மேலே புடைத்து நிற்கவில்லை, உள்ளே குழியாக வெட்டியிருந்தது. அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. இது பார்த்து ரசிக்கச் செதுக்கியதல்ல, கடிதத்தில் முத்திரை குத்தச் செதுக்கியது.

நூலுக்குப் பூசும் மெழுகுக் கட்டியை எடுத்து இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் இளக்கினாள். மோதிரத்தை அதில் அழுத்தி எடுத்து, மெழுகைத் துணியின் மேல் வைத்தாள். மெழுகில் பக்கம் மாறி விழுந்த நாயும் வெள்ளி நாயும் ஒரே பக்கம் பார்த்தன.

வெள்ளைக்காரர் குனிந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நாற்பது வருடமாகப் போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட எதிலும் குத்திப் பார்த்ததில்லை என்றார்.

கௌரிசங்கர் முந்திக்கொண்டார். எங்களுக்கு முன்னமே தெரியும் சார், அதனால்தான் இப்படிப் போட்டோம் என்று ஆங்கிலத்தில் அளந்தார்.

சிவரூபி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தாளில் இன்னும் கையெழுத்து விழவில்லை. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.

"இவருக்குத் தெரியாது சார்," என்றாள், வீட்டு வேலையில் கற்ற உடைந்த ஆங்கிலத்தில். "பிரிக்கச் சொன்னார். பிரிக்காவிட்டால் விசா இல்லை என்றார். நான்தான் மாட்டேன் என்றேன். தாள் அந்த மேசையில் இருக்கிறது."

வெள்ளைக்காரர் திரும்பிக் கௌரிசங்கரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கௌரிசங்கர் சட்டைப்பையைத் தடவினார், மேசை இழுப்பறையைத் திறந்தார், பேனாவைத் தேடினார். சிவரூபி தன்னுடையதை எடுத்து நீட்டினாள்.